நூல் பிடிக்காத மூன்று வீடுகள்

ஆலங்குடா
2024.06.03

அன்புள்ள நூஹு மச்சானுக்கு,

பரீனாத் தங்கச்சி, பிள்ளைகள், உன் மூட்டு வலி எல்லாரும் சுகமா? நேற்று உன் வாசலில் நின்று கூப்பிட்டேன். "அவர் இல்ல" என்றா தங்கச்சி. உள்ளே இருமினது ஆடாக்கும். போனையும் எடுக்கிறாய் இல்லை. அதுதான் எழுதுகிறேன். பிழை இருந்தால் ஐந்தாம் வகுப்போடு என்னை விரட்டின வாத்தியாரைக் கேள்.

மச்சான், உங்கள் கரைத்தீவில் நான் விற்கவென்று கட்டின மூன்று வீடும் முடிந்து நாலு மாதம். ஒன்றும் போகவில்லை. பாக்கியம்மாவின் சீதனத் தென்னங்காணியை விற்றுக் கட்டினது. இப்ப அவ என்னை "முதலாளி" என்றுதான் கூப்பிடுகிறா. சோறு மட்டும் கூலியாளுக்குப் போடுகிற மாதிரி.

வருகிற சனம் சுவரைத் தடவி "மாஷா அல்லாஹ்" என்கிறது. குசினி பார்க்கிற வரைக்கும் ஒரே சிரிப்பு. கக்கூஸ் கதவைத் திறந்ததும் முகம் மாறுகிறது. "யோசிச்சுச் சொல்றம், இன்ஷா அல்லாஹ்." எட்டுக் குடும்பம், எட்டும் அதே கதவில்! புது டைல்ஸ், புது கொமட், என்ன குறை? கேட்டால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மரியாதையாம். எனக்கு விசர்தான் பிடிக்கிறது.

இருபத்திரண்டு வருஷம் நீ நூல் பிடிக்க, நான் கல் வைத்தேன். ஒரு தரம் வந்து பார்.

அமல்ராஜ்


கரைத்தீவு
2024.06.09

அமல்ராஜுக்கு,

இருமினது நான்தான்.

உன் கொமட் மூன்றும் மேற்கே பார்த்திருக்கிறது. அது நாங்கள் தொழுகிற பக்கம். அந்தப் பக்கம் முன்னையோ பின்னையோ காட்டிக் கக்கூஸில் இருக்க மாட்டோம். நாம் கட்டின வீடெல்லாம் நூல் பிடிக்கும்போதே கக்கூஸை வேறு பக்கம் திருப்பித்தான் பிடிப்பேன். ஏன் என்று ஒரு நாளாவது கேட்டாயா? ரேடியோப் பாட்டுக்கு விசிலடித்துக்கொண்டு நின்றாய்.

நீ அத்திவாரம் வெட்டின கிழமை சைக்கிளில் அந்த வழியால் வந்தேன். குழாய் கிடந்த திசையைக் கண்டேன். சொல்லாமல் போய்விட்டேன். நீ வீடு கட்டி விற்கப் போகிற கதையை சீமெந்துக் கடையில்தான் கேள்விப்பட்டேன், உன் வாயால் இல்லை. அந்தக் கோபம். அன்றைக்கே நான் சொல்லியிருந்தால் அரை மணித்தியால வேலை. எனக்கும் சோறு இறங்குவதில்லை.

நூஹு


ஆலங்குடா
2024.06.20

அடேய் நூஹு,

உன் கடிதத்தைப் பாக்கியம்மாவுக்கு வாசித்தேன். உன்னை ஏசுவா என்று பார்த்தால், "இத்தின வருசம் அந்த மனிசனோட வேல செஞ்சு, இதக்கூடக் கேக்கலயா?" என்று எனக்குத்தான் விழுந்தது.

ஒன்று சொல்லவேண்டும். நீ சைக்கிளில் நின்றதை அன்றைக்கு நானும் கண்டேன். கூப்பிட்டால் பங்கு கேட்பாயோ என்று மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இரண்டு வீட்டில் தரையை உடைத்து கொமட்டைத் தெற்கே திருப்பியாயிற்று. ஒவ்வொரு டைலும் என் பல்லைப் பிடுங்கினது போல. இந்தப் பெருநாளுக்கு உங்கள் வீட்டு இனிப்பு வட்டிலப்பமும் வரவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் தரம். டைலை விட அதுதான் கூட வலித்தது.

மூன்றாவது வீட்டைத் தொடவில்லை. அடுத்த வெள்ளி ஜும்மா முடிய நூலை எடுத்துக்கொண்டு வா. அது நம் இரண்டு பேருக்கும் பாதிப் பாதி.

வராவிட்டால் நானே உன் வாசலுக்கு வருவேன், இருமுகிற ஆட்டுக்கு ஒரு கட்டுக் குழையோடு.

அமல்ராஜ்