பங்குனி ஆமையும் மரக்காணம் நடையும்

2 பிப்ரவரி 2006, வியாழன்

காலையில் இடையஞ்சாவடியிலிருந்து கிளம்பினோம், நானும் மெஹரூன்னிசாவும். ஆரோவில் தையல் கூடத்தில் பக்கத்துப் பக்கத்து மெஷின் எங்களுடையது. ஆளுக்கொரு முதுகுப்பை. கடலோரமாகவே மூன்று நாளில் மரக்காணம். நாற்பத்தொரு வயதில் இதெல்லாம் தேவையா என்று வீட்டில் கேட்டார்கள். தேவைதான்.

மாலையில் சவுக்குத் தோப்பில் ஒரு நரி. பத்தடி தூரம். எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் போயிற்று. மெஹர் பிடித்த பிடியில் என் வளையல் நெளிந்துவிட்டது.

3 பிப்ரவரி

இரண்டு குதிகாலிலும் கொப்புளம். மெஹரிடம் சொல்லவில்லை.

4 பிப்ரவரி, சனி

விடிந்து கொஞ்ச நேரம்தான். கரையில் மரியதாஸ் என்ற மீனவர் வலையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். உள்ளே ஒரு பங்குனி ஆமை, இந்த மாதங்களில் முட்டையிடக் கரைக்கு வரும் கடலாமை. தாம்பாளம் அளவு, உயிரோடு. நைலான் இழை துடுப்பு மாதிரியான முன்காலில் சதைவரை இறங்கியிருந்தது. அவர் விரல் தடிமன், இடுக்கில் நுழையவில்லை. மெஹர் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

“அறுத்துட்டீங்கன்னா நாளைக்கு நான் எதை எடுத்துக்கினு கடலுக்குப் போறது?”

நியாயம்தானே? ஆமை மூச்சு விட்டது — மனுஷப் பெருமூச்சு மாதிரியே. அய்யோ, எப்படி விட்டுட்டுப் போறது?

“நான் பிரிச்சுக் குடுக்கறேங்க. தையல்காரி நான்.” எப்படிச் சொன்னேனோ தெரியாது.

மண்டியிட்டு, ஊசி முனையால் கண்ணி கண்ணியாக விலக்கினேன். மெஹர் துப்பட்டாவை நனைத்து நனைத்து அதன் ஓட்டின் மேல் போட்டாள். ஒரு தடவை ஆமை துடுப்பால் ஓங்கி அறைந்தது, என் மணிக்கட்டு வீங்கிவிட்டது. ஒன்றரை மணி நேரம். கடைசிக் கண்ணியும் விலகியது. ஓர் இழைகூட அறுபடவில்லை!

மூவருமாகத் தூக்கி அலையில் விட்டோம். அடுத்த அலை திரும்பியபோது ஆமை இல்லை.

மரியதாஸ் வலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எங்க ஆளுங்களே இப்படிப் பிரிக்க மாட்டாங்கக்கா” என்றார். நான் மணலில் உட்கார்ந்து சிரித்தேன். அழுதேன் போலவும் இருக்கிறது.

மதியம் மரக்காணம் உப்பளம். பாத்திகளுக்கு அப்பால் பூநாரைகள், நூறாவது இருக்கும். ரோஜா நிறத்தில் மொத்தமாக எழும்பின. நாங்கள் வாய் பிளந்து நிற்க, உப்பு வாரிக்கொண்டிருந்த சாலம்மாள் எங்களைத்தான் பார்த்தாள். இடையஞ்சாவடியிலிருந்தா, நடந்தேவா என்று கேட்டுவிட்டு, மற்ற பெண்களையும் கூப்பிட்டுக் காட்டினாள்.

11 மார்ச், சனி

மறுபடி கடலோரம். இந்த முறை தையல் கூடத்திலிருந்து ஒன்பது பெண்கள். எங்கே திரும்புவது, எங்கே உட்காருவது, எல்லாம் என்னைத்தான் கேட்கிறார்கள். தோப்புக்குள் ஏதோ அசைந்தது. கையைத் தூக்கினேன். ஒன்பது பேரும் அப்படியே நின்றார்கள்.