செல்வத்தின் கண்கள், ஒரு நிமிடம் பன்னிரண்டு விநாடி

ஜூலை 1, செவ்வாய்

புகைமூட்டம். கிள்ளான் முழுக்கச் சாம்பல் நிறம். பள்ளியில் அரை நாள் விடுப்பு. செல்வத்தைப் பிரிக்பீல்ட்ஸ் காது டாக்டரிடம் கூட்டிப் போனேன், மூன்றாவது முறை. வீட்டில் தலை சுற்றிச் சுருண்டு கிடக்கும் என் வீட்டுக்காரர், டாக்டர் முன்னால் மட்டும் புது மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்காருகிறார்.

டாக்டர் (சீனப் பெண், பொறுமைசாலி) மலாயில் சொன்னது: சுற்றும்போது கண் எப்படி அசைகிறது என்று பார்த்தால், கோளாறு காதிலா மூளையிலா என்று ஓரளவு தெரியும். கைப்பேசியில் பிடித்து வாருங்கள்.

எழுதிக்கொண்டது: நல்ல வெளிச்சம். முகத்துக்கு அருகில். இரு கண்ணும் திறந்தபடி. ஒரு நிமிடமாவது.

துறைமுகத்தில் செ.வைக் கிரேனிலிருந்து இறக்கி ஆபீஸில் உட்கார வைத்து ஆறு வாரம். சூப்பர்வைசர் எல்லாரிடமும் சொல்வது: "ராத்திரி தண்ணி, காலையில தலசுத்து." செ. குடிப்பதில்லை. ஆனாலும், இதை யார் படிக்கப் போகிறார்கள், போன மாதம் அவர் தூங்கும்போது நானும் வாயை மோந்து பார்த்தேன்.

ஜூலை 5, சனி

மழை. துணி காயவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்குச் சுற்றல் வந்துவிட்டது. வழக்கம்போல நெற்றி முழுக்க மின்யாக் அங்கின் தைலம் தடவி, "கண்ண மூடிப் படுங்க" என்றேன். பிறகுதான் கைப்பேசி ஞாபகம். திறக்கச் சொன்னால் தைல எரிச்சலில் கண்ணீர் கொட்டுகிறது. நான்கு நிமிடம் எடுத்ததெல்லாம் ஈர இமை.

பக்கத்து வீட்டு மேரி அக்கா எட்டிப் பார்த்து, "என்னா டீச்சர், புருஷன் அழுவுறத போயி வீடியோ எடுக்குறீங்க?" செ. அந்த நிலையிலும் சிரித்தார். உடனே வாந்தி.

வாங்க: புது வாளி. திருத்த: கட்டுரை 31.

ஜூலை 10, வியாழன்

இன்று கண்டதை எப்படி எழுதுவது.

காலை ஆறு மணி. பாதிச் சேலையில் நான். குளியலறை வாசலில் சுவரைக் கட்டிப்பிடித்தபடி செ. சரிந்தார். தைலத்தை எடுக்கவில்லை. கூடத்தில் படுக்க வைத்து, விளக்கைப் போட்டு, கைப்பேசியை முகத்துக்கு நேரே பிடித்தேன்.

கண் ஓடுகிறது. இரண்டும் சேர்ந்து. மெல்ல வலப்பக்கம் நழுவுகிறது, வெடுக்கென்று இடப்பக்கம் துள்ளுகிறது. மறுபடி நழுவல், மறுபடி துள்ளல். வரி வரியாகப் பாடம் படிக்கும் பிள்ளையின் கண் இப்படித்தான் ஓடும். இவருக்கு எதிரே வெறும் கூரை. என்னைப் பாருங்கள் என்றேன். முயன்றார். கண் கேட்கவில்லை. இதை யாராலும் வேண்டுமென்று செய்ய முடியாது. இருபத்திரண்டு வருடம் பார்த்த கண், இன்றுதான் பார்க்கிறேன். பயமும் அதிசயமும். கும்பிட வேண்டும் போலிருந்தது, எதை என்று தெரியவில்லை.

1 நிமிடம் 12 விநாடி. பள்ளிக்குப் போகவில்லை. அவர் தூங்கியதும் பத்து முறை போட்டுப் பார்த்தேன், சத்தத்தை அணைத்துவிட்டு.

ஜூலை 12, சனி

வெயில். மறுபடி பிரிக்பீல்ட்ஸ். டாக்டர் பார்த்தார், திரும்பவும் பார்த்தார். "பாகுஸ்," நன்றாக எடுத்திருக்கிறேனாம். பெரும்பாலும் காதுதான், மூளை என்று பயப்படும்படி இதில் ஒன்றும் தெரியவில்லை என்கிறார். செவிச் சோதனை, மாத்திரை. உப்பு குறை (கருவாடு, இறால் பெலாச்சான் கூடாது). கிரேன் இப்போதைக்கு வேண்டாம், வேலையிடத்துக்குக் கடிதம்.

பிறகு சத்தத்தைக் கூட்டினார். என் குரல்: "கண்ண தொறங்க. நடிக்காதீங்க, எனக்கு ஸ்கூலுக்கு நேரமாச்சு." சொன்னது எனக்கே நினைவில்லை. கொஞ்ச நேரம் அவர் மூச்சு மட்டும். அப்புறம் நான்: "ஐயோ சாமி... நெசமாவே சுத்துதா உங்களுக்கு."

டாக்டருக்குத் தமிழ் தெரியாது. செ.வுக்குத் தெரியும். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

ரயில் பெட்டாலிங் தாண்டியதும் செ., "அந்த வீடியோவ எனக்கு அனுப்பு. சூப்பர்வைசருக்குக் காட்டணும்."

"சத்தத்த எடுத்துட்டு அனுப்புறேங்க."

"வேணா லா. சத்தத்தோடயே அனுப்பு. நீயே மொதல்ல நம்பல. கண்ண பாத்த, நம்புன. அந்தாளும் அப்படியே நம்பட்டும்."

அனுப்பினேன்.