எலுமிச்சைக்குப் பூசிய நல்லெண்ணெய்

ராஜகீழ்ப்பாக்கம்,
செப்டம்பர் 2006

அன்பு மகன் மதியழகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல்தான் இருக்கிறோம். மஸ்கட் வெயிலில் நீ எப்படி இருக்கிறாயோ, வேளைக்குச் சாப்பிடு, வயிற்றைக் காயப்போடாதே. போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் போன் இருக்கிற கூடத்திலேயே அப்பா உட்கார்ந்திருக்கிறார். காது மந்தம் என்றாலும் இந்த மாதிரிப் பேச்சு மட்டும் அவருக்கு நன்றாகக் கேட்கும்.

உன் தம்பி அருண்ராஜ் சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போய்த் திரும்பும்போது பைக்கில் வைத்துக் கொண்டுவந்த எலுமிச்சங்கன்று, அவன் விபத்தில் போன பிறகு இந்த வருஷம்தான் முதல்முறையாகக் காய்த்தது. அப்பா திருமுடிவாக்கம் லேத் பட்டறையில் வேலை முடிந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் அதன் முன்னால் போய் நிற்பார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. போன மாதம் காயெல்லாம் துருப்பிடித்த மாதிரி பழுப்பாகி, இலையும் வெளுத்துப்போனது. ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு மெயின்ரோட்டு நர்சரிக்குப் போனார். இது சிலந்திப்பேன் சார், மருந்தெல்லாம் வேணாம், வேப்பெண்ணெ அடிச்சா போதும், ஆனா நல்ல எண்ணெயா பாத்து வாங்கு சார் என்று நர்சரி பொன்னுசாமி சொல்லியிருக்கிறார். லேத் சத்தத்தில் பாதி போன காது, பஸ் சத்தம் வேறு, அப்பாவுக்கு விழுந்தது நல்லெண்ணெய் மட்டும்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டின்னோடு நல்லெண்ணெய் வந்து இறங்கியது. தண்ணீர் சேர்த்தால் வேகம் போய்விடும் என்று அப்படியே துணியில் நனைத்து, உச்சிவெயிலில் ஸ்டூல் போட்டு ஏறி, ஒவ்வொரு இலையாகத் தடவினார். இட்லிக்கு ஊற்றுவதை மரத்துக்குப் பூசுகிறாரே என்று நான் உள்ளே நின்று சிரித்தேன் மதி. எத்தனை நாள் கழித்துச் சிரித்தேன் தெரியுமா. ஒரே வாரம், இலையெல்லாம் தீய்ந்து கொட்டிவிட்டது, காய் ஒன்றுகூட நிற்கவில்லை. பொன்னுசாமி வந்து பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார். இன்னா சார் இது, சோப்புத் தண்ணில வேப்பெண்ணெய கொஞ்சூண்டு கலக்கி வெயில் தாழ அடிப்பாங்க, நீ நல்லெண்ணெய பூசி வச்சிகீறியே, இனிமே துளிர் வுட்டாதான் உண்டு என்றார்.

அவர் போனதும் அப்பா மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்னிக்குக் கடைசியா குளிப்பாட்டறதுக்கு முன்னாடி அவன் தலையில நல்லெண்ணெ வச்சதும் இந்தக் கைதான், இப்ப இதுக்கும் நானே வச்சு அனுப்பிட்டேன் அங்காளம்மா என்று சொல்லி அழுதார். சுடுகாட்டில்கூட அழாத மனுஷன். இப்போது அவர் மரத்துப் பக்கமே போவதில்லை. வேப்பெண்ணெய் வாங்கி வைத்திருக்கிறேன், அடிக்கத்தான் ஓர் இலை இல்லை. தினமும் போய்ப் பார்க்கிறேன், துளிர் காணோம்.

மரம் போனால் போகட்டும் என்றுகூட மனதைத் தேற்றிக்கொள்வேன். நேற்று, தீபாவளிக்கு மதி வந்தா நீயே அவனுக்கு எண்ணெ வச்சுடு, என் கை வேணாம் என்கிறார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீ நோய் நொடியில்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும், நம்ம குலசாமி ஆத்தா உனக்குத் துணையிருப்பாள். லீவு கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதே. தீபாவளி அன்று விடிவதற்குள் எழுந்து, எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் அப்பா காலடியில் உட்கார். அவர் முடியாது என்பார், எழுந்து போகப் பார்ப்பார். உன் தலையில் அவர் கை படும்வரை நீ எழுந்திருக்காதே.

உன் அம்மா,
அங்காளம்மா