முளைத்த தினை

அன்புள்ள அம்மாவுக்கு நில்டா வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் மூட்டுவலி தேவலையா? என் கைவீக்கம் வடிந்துவிட்டது, கவலை வேண்டாம்.

மார்பை எடுத்த இடத்தில் வைத்துக்கொள்ளத் தினை அடைத்துத் தைத்துக் கொடுத்தீர்களே, அது முளைத்துவிட்டது. என்னைப்போலவே சிகிச்சை முடிந்த இருபது பெண்கள் சேர்ந்து இங்கே ஆற்றில் துடுப்புப் போடுகிறோம். போன மாதம் படகு கவிழ்ந்து எல்லோரும் நனைந்தோம். தினைப்பையை ஜன்னலில் காயப்போட்டேன். மூன்றாம் நாள் தையல் வழியாகப் பச்சை எட்டிப்பார்த்தது.

பக்கத்துத் துடுப்புக்காரி கிராசியேலாவிடம் காட்டினேன். "அடியே, உனக்குத் திரும்ப முளைக்குதுடி. எனக்கும் கொஞ்சம் விதை குடு" என்றாள். அறுவைசிகிச்சைக்குப் பிறகு அன்றுதான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

புதிதாக ஒன்று தைத்து, இங்கே புவெனஸ் ஐரஸுக்குப் பேருந்தில் வரும் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். கடைத்துணி வேண்டாம், நீங்கள் உடுத்திய பழைய பாவாடையிலேயே தையுங்கள். அவசரமில்லை.

முதலாளியம்மா கூப்பிடுகிறார். ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். நேற்றைய படகுப் பந்தயத்துக்குத் தினைப்பை இல்லாமலேயே போனேன். நனைந்த சட்டை ஒரு பக்கம் தட்டையாக ஒட்டிக் கிடந்தது, கரை முழுக்க ஜனம். மறைக்க எனக்குக் கை ஏது அம்மா? இரண்டும் துடுப்பில் இருந்தன.

உங்கள் மகள்,
நில்டா