கதாநாயகிக்குச் சளி

மார்ச் 3
பதினோரு வருடமாக டப்பிங் தியேட்டரில் நான் பேசிய வசனங்களை எல்லாம் சேர்த்தால் ஒரு பக்கம் தேறாது. ‘ஐயோ!’, ‘பிடிங்க அவனை!’, ‘டாக்டர், கண் முழிச்சிட்டாங்க!’ - கூட்டத்தில் ஒரு குரல், அவ்வளவுதான். இன்று டைரக்டரே கூப்பிட்டார். கதாநாயகிக்கு நான் பேச வேண்டுமாம்! வெள்ளிக்கிழமை ஆரம்பம். சரிப்படாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்போம் என்றும் சொல்லிவிட்டார். ஃபோனை வைத்துவிட்டுச் சந்தோஷத்தில் கத்தினேன். தொண்டை கரகரவென்றது. ஒன்றும் இருக்காது.

மார்ச் 4
இருக்கு. இருமல், மூக்கொழுகல், எல்லாம். இத்தனை வருஷம் எங்கடி போயிருந்தே, சனியனே?

மார்ச் 5
வீட்டுக்காரர் ஓர் இருமல் மருந்து வாங்கி வந்தார். அத்தை தன் சளி மாத்திரையைக் கொடுத்தார். நானும் கடையில் ஒரு பாட்டில் மருந்து வாங்கியிருந்தேன். யார் மனசும் நோக வேண்டாமென்று மூன்றையும் விழுங்கினேன். அடுப்படியில் நின்றபடியே தூங்கி வழிய, பால் பொங்கி அடுப்பே அணைந்துவிட்டது.

மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்க்கும் நாத்தனார் சாயங்காலம் வந்தாள். மூன்று அட்டைகளையும் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

“அண்ணி, பேருதான் வேற வேற. மூணுலயும் அதே தூக்கம் வர்ற மருந்துதான். போதாததுக்கு, ஒண்ணு இருமலை அடக்குது, இன்னொண்ணு சளியை இளக்கி இருமச் சொல்லுது. பாவம் தொண்டை, அது யார் பேச்சைக் கேக்கும்?”

“நாளைக்குள்ள போயிடணும்டி.”

“எந்த மருந்தும் சளியை விரட்டாது. கொஞ்சம் ஆறுதல் தரும், அவ்ளோதான். அது தானா போகும். இனிமே ஏதாவது ஒண்ணு போதும், அதுவும் அட்டையில இருக்கிற அளவுதான். வெந்நீர் குடிங்க, தேன் சாப்பிடுங்க. மூச்சு வாங்குனாலோ ஜுரம் விடலைன்னாலோ டாக்டர்கிட்ட ஓடணும்.”

தானா போகுமாம். எப்போ? என் பிழைப்பு போன பிறகா?

மார்ச் 6
வசனத்துக்கு வசனம் இடையில் தண்ணீர் குடித்துச் சமாளித்தேன். இருமல் வந்த இடத்தையெல்லாம் சவுண்ட் இன்ஜினீயர் வெட்டிவிட்டார். குரலோ உப்புத்தாள் தேய்த்த மாதிரி. திட்டு விழும் என்று பார்த்தால் டைரக்டர் துள்ளுகிறார்! “இந்தக் கரகரப்பை இத்தனை நாள் எங்கம்மா ஒளிச்சு வச்சிருந்தே? படம் முழுக்க இதுதான் வேணும்.”

சளின்னு சொல்லியிருக்கலாம். வாய் வரலை.

மார்ச் 9
குரல் தெளிந்துவிட்டது. ஐயோ.

மார்ச் 10
உலகத்திலேயே இருமலுக்காக ஐஸ்கிரீம் தின்ற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். வீட்டுக்காரர் கையும் களவுமாகப் பிடித்தார். “உனக்கென்ன பைத்தியமா?” ஆமாம். இரண்டு கப் தின்றும் ஓர் இருமல் வரவில்லை. நாளைக்கு அடுத்த ரெக்கார்டிங். என்ன சொல்லப் போறேன்?

மார்ச் 11
முதல் வரியிலேயே இன்ஜினீயர் நிறுத்திவிட்டார். “மேடம், இது வேற ஆள் குரல் மாதிரி இருக்கு.” டைரக்டர் என்னையே பார்த்தார். “சார், அன்னிக்கு எனக்குச் சளி. நீங்க பிடிச்சிருக்குன்னதும் சொல்லத் தைரியம் வரலை. அந்தக் குரல் இப்ப என்கிட்ட இல்லை. இருக்கிறது இதுதான்.”

டைரக்டர் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, “அம்மாவோட சண்டை போடுற சீன், இந்தக் குரல்ல பேசு, பார்ப்போம்” என்றார். தொண்டைக்குப் பயப்படாமல் கத்தினேன், கெஞ்சினேன், நிஜமாகவே அழுதேன். எந்த இடத்திலும் மூச்சு தடுக்கவில்லை. அவர் இன்ஜினீயர் பக்கம் திரும்பி, “வெள்ளிக்கிழமை எடுத்ததைத் தூக்கிப் போடு. முதல்ல இருந்து போவோம்” என்றார். என்னிடம், “இனி சளின்னா சளின்னு சொல்லித் தொலைம்மா” என்று ஒரு திட்டு. தேன் மாதிரி இருந்தது.

மார்ச் 24
கூட்டக் குரல்களுக்கு ஆள் சேர்க்கிற ஏஜென்ட் காலையில் கூப்பிட்டார். வெள்ளத்தில் மாட்டிக்கொண்டு அலற நாலு பேர் வேண்டுமாம். “இந்த வாரம் முடியாதுங்க. கதாநாயகிக்குப் பேசிட்டு இருக்கேன்” என்றேன்.

தப்பான நம்பருக்குப் போட்டுவிட்டோமோ என்ற குரலில் மெதுவாகக் கேட்டார்: “நீங்க... யாருங்க பேசுறது?”