ஏழாம் நிலையத்தில் ஆயுத பூஜை

ஆயுத பூஜை, காலை 9:10

நிலவு ரயில், ஏழாம் நிலையம். காற்று சரி. மின்சாரம் சரி. தண்டவாளம் சரி. பதினோரு நாடுகளில் பாதை போட்டு வண்டி ஓட்டும் கம்பெனி இங்கே வைத்திருக்கும் ஒரே ஆள் தணிகாசலம், அதாவது நான்.

பெரம்பூர் பணிமனையில் இந்நேரம் பொரி, சுண்டல் என்று ஒரே கூச்சலாக இருக்கும். இங்கே நானும் இயந்திரங்களும்தான். அவற்றையாவது கவனிப்போமே என்று, ஊரிலிருந்து கொண்டுவந்த சந்தனம், குங்குமத்தை எடுத்து எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். நிலையத்தில் ஆள் இருக்கிறாரா என்று கதவுக்கு மேலிருந்து பார்க்கும் கேமராவுக்கும் ஒன்று. வெளியே நின்ற, ஓட்டுநரில்லாத சரக்கு வண்டி போன மாதம் வந்த புது வண்டி. விண்வெளி உடை மாட்டிக்கொண்டு போய் அதன் நெற்றி நடுவில் பெரிதாக வைத்தேன். காற்றில்லாத இடத்தில் சந்தனம் சட்டென்று காய்ந்து ஓடாக ஒட்டிக்கொண்டது. வண்டி மங்களகரமாகப் புறப்பட்டுப் போனது. மனசு நிறைந்துவிட்டது.

மறுநாள், காலை 6:40

விளக்குகள் அணைந்துவிட்டன. காற்று இயந்திரமும் நின்றுவிட்டது. உடையிலிருக்கும் ரேடியோவில் சென்னைக் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டேன். கனி பேசினாள். நாகர்கோவில் பெண். இரண்டு வருடமாக நான் கேட்கும் ஒரே மனிதக் குரல்.

"அண்ணே, உங்க ஸ்டேஷன்ல ஆளே இல்லன்னு சிஸ்டம் சொல்லுது. நேத்துலேருந்து யாரையும் பாக்கலியாம். அதான் தானாவே மூடிட்டு."

மேலே பார்த்தேன். கேமராவை அடைத்துக்கொண்டு என் பொட்டு. ஏறிச் சுரண்டித் துடைத்தேன். பயனில்லை. ஆளில்லாத நிலையத்தில் கேமராவுக்கு எதற்கு மின்சாரம் என்று அதையும் நிறுத்தியிருந்தது சிஸ்டம்.

காலை 11:25

உடைக்குள் இருக்கிறேன். மாலைவரை காற்று தாங்கும். இனி வாயால் சொல்கிறேன், உடை எழுதிக்கொள்ளும். மதியம் நேற்றுப் போன அதே சரக்கு வண்டி திரும்பி வருகிறது. ஆனால் மூடிய நிலையத்தில் நிற்காது.

"ஸ்டேஷனத் தொறக்கணும்னாலும் வண்டிய நிறுத்தணும்னாலும் மூணு நாட்டு ஆபீஸும் ஒத்துக்கணும்ணே. ரெண்டு பேரு சரின்னுட்டாங்க. மூணாவது ஆபீஸுக்கு இன்னைக்கு லீவு."

"நான் இங்கதான் கீறேன்மா. உன்னாண்ட பேசிக்கினு கீறேன்."

"எனக்குத் தெரியுதுண்ணே. சிஸ்டத்துக்குத் தெரியலியே."

அழுகிறாள். எதிரே பூமி தெரிகிறது. அங்கே இருக்கும் அத்தனை கோடிப் பேரில், நான் இங்கே இருப்பது இவள் ஒருத்திக்குத்தான் தெரியும். பயமாக இருக்கிறது. இதைக் கண்டெடுப்பவரே, இங்கே ஓர் ஆள் இருந்தான்.

மதியம் 1:50

வழி கிடைத்துவிட்டது! தண்டவாளத்தில் எது குறுக்கே நின்றாலும் வண்டி பார்த்துத் தானாக நின்றுவிடும். அதற்கு எந்த ஆபீஸும் சம்மதிக்க வேண்டாம். போய் நடுவில் நிற்கப்போகிறேன். கனி சிரித்தேவிட்டாள்.

"வண்டில ஏறுனதும் மொதல்ல எங்கிட்டதான் சொல்லணும், கேட்டீங்களா."

மதியம் 2:30

நிற்கிறேன். இரண்டு கையையும் ஆட்டுகிறேன். வண்டி வருகிறது. இந்நேரம் வேகம் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. முகப்பில் என்னவோ சிவப்பாக

"கனி, இந்தப் புது வண்டிக்குக் கண்ணு எங்கம்மா கீது?"

"நெத்தி நடுவுலண்ணே. ஏன் கேக்கீங்க?"