வீட்டுக்கு எத்தனை சொல்

தெஹிவளை
01.07.2025

அன்பின் நஸ்ஹா,

அஸ்ஸலாமு அலைக்கும். போனில் நான் பேசினால் ஏசுவதுபோல் இருக்கிறது என்றாய். அதனால் எழுதுகிறேன்.

என் சனிக்கிழமை வகுப்பை நீ விடாமல் நடத்துவதற்கு நன்றி. பிள்ளைகள் விளையாட்டாக உருவாக்கும் புது மொழிக்கு மொத்தமே நூறு சொல்தான், மறக்காதே. இருக்கிற சொற்களைச் சேர்த்துச் சொல்ல முடிந்தால் புதுச் சொல் கொடுக்காதே. நீர், பெரிது: வாவி. நீர், சூடு: பால் விடாத பிளேன்டி. வீட்டுக்கு இரண்டு சொல் வைத்திருக்கிறார்கள். வீண். ஒன்றை வெட்டு.

இன்னொன்று. இங்கே ஒரு வாடகை வீடு பார்த்திருக்கிறேன். ஊரிலிருந்தே வேலை செய்யலாம் என்று கம்பனி சொல்கிறதுதான். ஆனாலும் எனக்கு இங்கே இருக்கவே விருப்பம். காரணம் கேட்காதே. உங்கள் வீட்டில் யாரும் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

நீ வருவாயா, மாட்டாயா?

இஷாம்


காத்தான்குடி
06.07.2025

அன்பின் மச்சானுக்கு,

வஅலைக்கும் முஸ்ஸலாம். கடிதத்திலும் ஏசுவதுபோல்தான் இருக்கிறது.

வெட்டப் போனேன். வகுப்பில் சண்டை. பெட்டைகளுக்கு ஒரு சொல் போதுமாம். பெடியன்கள் விடவில்லை.

"பொறந்த ஊடும் கலியாணம் முடிச்சி இரிக்கிற ஊடும் ஒண்டுதானே டீச்சர்?" என்றாள் ஷஸ்னா.

"அது ஒனக்கு. கலியாணம் முடிச்சா உம்மாட ஊட்ட உட்டுட்டு பொண்டாட்டிட ஊட்டுக்கு வாற நாங்கதானே!" என்றான் றுஸ்தி. "எங்கட வாப்பா இன்னும் உம்மாக்கிட்ட 'உங்கட ஊடு' எண்டுதான் சொல்ற."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீங்களும் 'உங்கள் வீட்டில்' என்றுதானே எழுதியிருக்கிறீர்கள். கலியாணத்துக்குப் பிறகும் நான் வளர்ந்த அறையிலேயே தூங்கினேன். நீங்கள் தண்ணீர் குடிக்கவும் என்னிடம் கேட்டீர்கள். எனக்கு ஒரு சொல் போதுமாக இருந்ததால் உங்களைப் பற்றி யோசிக்கவே இல்லை.

இரண்டு சொல்லும் இருக்கட்டும். நான் வருகிறேன். பிறந்த வீடு அல்லாத அந்த இரண்டாவது வீட்டில் நானும் கொஞ்ச நாள் இருந்து பார்க்க வேண்டும். உம்மாவிடம் சொன்னேன். அழுதா. பிறகு "போ மகள்" என்றா.

உங்கள்
நஸ்ஹா


தெஹிவளை
10.07.2025

நஸ்ஹா,

உன் கடிதத்தை ஒஃபிஸில் வைத்துப் பிரித்திருக்கக் கூடாது.

நன்றி. இதைவிட நீளமாக எனக்குச் சொல்லத் தெரியாது.

என் வாப்பாவுக்குப் போன் எடுத்து, உம்மாவின் வீடு அவருக்கு எத்தனை வருஷத்தில் பழகியது என்று கேட்டேன். "பழகின எண்டு ஆரு சொன்ன?" என்றார். இருவரும் நெடுநேரம் சிரித்தோம். இதற்கு முன் அவரோடு இப்படிப் பேசியதில்லை.

வாடகை வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீ வருகிறேன் என்றதே எனக்குப் போதும். என் உம்மாவை விட்டு நான் ஒருவன் வந்தாயிற்று, உன் உம்மாவும் அழ வேண்டியதில்லை.

பிள்ளைகளிடம் சொல்: றுஸ்தி சொன்னது சரி, இஷாம் சேர் சொன்னது பிழை.

அடுத்த வெள்ளிக்கிழமை வருகிறேன். முன்னறையில் என் மேசையைப் போட்டு இனி அங்கிருந்தே வேலை செய்யப்போகிறேன். கேட்கவில்லை, சொல்கிறேன்.

மாமியிடமும் ஒன்று சொல்லிவை. சோற்றுக்கு ஊற்றும் மீனாணத்தில் புளி கூடிப்போகிறது. இத்தனை மாதமும் வாய் திறக்காமல் சாப்பிட்டேன். இனி முடியாது.

இஷாம்